மேக்குக்கும் விண்டோஸுக்கும் நடுவுல ஒரே ஹார்ட் டிஸ்க்: எக்ஸ்ஃபேட்டோட ரெண்டு வருஷ அனுபவம்

டப்பா மேல மேக்குக்கும் ஆகும் விண்டோஸுக்கும் ஆகும்னு பெருசா போட்டிருந்துச்சு, அத நம்பித்தான் வாங்கினேன். 2 டிபி, உள்ள சுத்துற டிஸ்க்தான், எஸ்எஸ்டி இல்ல. கம்பெனி பேரு சொல்லப் போறதில்ல, ஏன்னா டிரைவு நல்லாத்தான் இருக்கு, ரெண்டு தடவ கீழ விழுந்தும் இன்னும் ஓடுது. நான் எழுத வந்தது அதுக்குள்ள போட்ட ஃபார்மேட்டப் பத்தி, அதாவது டிஸ்க்ல ஃபைல எல்லாம் எப்படி அடுக்கி வைக்கறதுங்கற முறை. ஃபார்மேட்டுக்கெல்லாம் யாராவது ரிவ்யூ எழுதுவாங்களான்னு கேக்காதீங்க, டிரைவ விட என் உயிர வாங்கினது அதுதான்.

விஷயம் சிம்பிள். நான் வீடியோ எடிட் பண்றது மேக்ல, தம்பி கலரும் சவுண்டும் பாக்கறது விண்டோஸ்ல. ஃபுட்டேஜ் எல்லாம் நூத்துக்கணக்குல ஜிபி, நெட்ல ஏத்தி இறக்கறதுக்குள்ள விடிஞ்சிடும், அதனால ஒரு டிரைவு என்கிட்டயும் அவன்கிட்டயும் மாறி மாறி போயிட்டே இருக்கும்.

மொத நாள் மேக்ல சொருகினேன், உடனே ஐகான் வந்துச்சு, உள்ள கம்பெனிக்காரன் போட்ட ரெண்டு மூணு சாஃப்ட்வேர் ஃபைல், அதெல்லாம் திறக்குது. சரி டப்பால போட்டது உண்மதான்னு நெனச்சு ஃபுட்டேஜ காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணப் போனா பேஸ்ட் பட்டன் மங்கிப் போய் கெடக்கு. இழுத்துப் போட்டாலும் உள்ள போக மாட்டேங்குது. டிரைவு என்டிஎஃப்எஸ்ல வந்திருக்கு. அது மைக்ரோசாஃப்ட் 1993-ல விண்டோஸ் என்டியோட கொண்டு வந்தது, இன்னைக்கும் விண்டோஸோட சொந்த ஃபார்மேட் அதுதான். மேக் அத படிக்கும், ஆனா எழுதாது. எடுத்துக்கலாம், ஒண்ணும் வைக்க முடியாது. டப்பாக்காரன் பொய் சொல்லல, பாதி சொல்லிட்டு மீதிய நம்ம தலைல கட்டிட்டான்.

இங்கதான் நான் மொத தப்பு பண்ணினேன். மேக்ல டிஸ்க்க அழிக்க, ஃபார்மேட் போட இருக்கற டிஸ்க் யுடிலிட்டிய தொறந்தேன், அழி குடுத்தேன், லிஸ்ட்ல முதல்ல இருந்தது ஏபிஎஃப்எஸ், ஆப்பிளே குடுக்குதே நல்லதாத்தான் இருக்கும்னு அப்படியே ஓகே. நல்லதுதான், இல்லங்கல, 2017-ல ஹை சியராங்கற மேக் ஓஎஸ்ஸோட வந்த ஃபார்மேட் அது, மேக்குக்குள்ளயே இருக்கற டிரைவுக்கு அதுக்கு மிஞ்சி ஒண்ணும் இல்ல. மூணு நாள் ஷூட்டிங் ஃபுட்டேஜ அதுல போட்டு தம்பிகிட்ட குடுத்தனுப்பினேன். ராத்திரி போன்.

"அக்கா, இத சொருகினா டிஸ்க்க ஃபார்மேட் பண்ணாத்தான் யூஸ் பண்ண முடியும்ங்குது, சரி குடுத்துடவா?"

"டேய் கைய எடு! மவுஸ தொடாத. கேன்சல் குடு."

"குடுத்துட்டேன்... எதுக்கு இப்படி கத்தற?"

கத்தாம என்ன பண்றது, ஃபார்மேட் பண்ணினா உள்ள இருக்கறது போயிடும். கேமரா கார்டு எல்லாம் அழிச்சாச்சு, அந்த ஃபுட்டேஜ் வேற எங்கயும் இல்ல, அதுவும் என் முட்டாள்தனம்தான். ஆனா விண்டோஸ் மேல எனக்கு இன்னும் தீராத கோவம் இந்த ஒரு விஷயத்துலதான். எனக்கு இந்த டிஸ்க்க படிக்கத் தெரியலன்னு சொன்னா போதுமே, அத விட்டுட்டு ஃபார்மேட் பண்ணவான்னு கேக்குது, காலியா இருக்கற டிஸ்க்க பாத்து கேக்கற மாதிரி. உங்க வீட்டுல யாராவது மேக் டிரைவ விண்டோஸ்ல சொருகுவாங்கன்னா இத இப்பவே சொல்லி வெச்சுடுங்க: அந்த பெட்டி வந்தா கேன்சல், வேற யோசனையே வேணாம்.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். ரெண்டு பக்கமும் படிக்கவும் எழுதவும் முடியற ஃபார்மேட் ரெண்டே ரெண்டு, வேற எதுவும் இன்ஸ்டால் பண்ணாம. ஒண்ணு ஃபேட்32, இன்னொண்ணு எக்ஸ்ஃபேட்.

ஃபேட்32 1996-ல விண்டோஸ் 95 காலத்துல வந்தது. எதுல சொருகினாலும் படிக்கும், பழைய டிவி, கார்ல இருக்கற பாட்டுப் பெட்டி, எல்லாம். ஆனா ஒரு ஃபைல் 4 ஜிபிய தொட முடியாது, துல்லியமா சொன்னா 4,294,967,295 பைட், அதுக்கு மேல ஒரு பைட் இருந்தாலும் ஏத்துக்காது. டிஸ்க்ல 1 டிபி காலியா கெடக்கும், உங்க 11 ஜிபி கிளிப்ப போட்டா ஃபைல் ரொம்ப பெருசுன்னு திருப்பி அனுப்பும். வீடியோ வேலைக்கு பேச்சே இல்ல. பென்டிரைவுல பாட்டு போட்டு குடுக்கணுமா, அதுக்கு ஓகே.

மிச்சம் இருக்கறது எக்ஸ்ஃபேட். மைக்ரோசாஃப்ட் 2006-ல கொண்டு வந்தது, மேக்ல 2010-ல ஸ்னோ லெப்பர்ட் 10.6.5 அப்டேட்ல இருந்து படிக்கவும் எழுதவும் முடியுது. 4 ஜிபி தொல்லை கிடையாது. கேமராவுக்கு 64 ஜிபி கார்டு வாங்கறீங்கல்ல, எஸ்டிஎக்ஸ்சினு போட்டிருக்கும், அதுக்கு ஸ்டாண்டர்ட் ஃபார்மேட்டே இதுதான், அதனால பேரு தெரியாமலே நாம எல்லாரும் பல வருஷமா இத யூஸ் பண்ணிட்டுத்தான் இருக்கோம்.

சரி, போட்டேன். எப்படி போடறதுங்கறதுலயும் ஒரு கண்ணி இருக்கு. டிஸ்க் யுடிலிட்டில இடது பக்கம் முதல்ல காட்டறது டிஸ்க்குக்குள்ள இருக்கற வால்யூம், அதாவது ஃபைல் வைக்கற பகுதி மட்டும்தான். மேல வியூ மெனுல போய் எல்லா டிவைஸும் காட்டுன்னு குடுத்தாத்தான் டிஸ்க் தனியா தலைமாட்டுல வரும், வால்யூம் அதுக்கு கீழ உள்தள்ளி நிக்கும். அந்த மேல இருக்கறத செலக்ட் பண்ணி அழிச்சாத்தான் ஸ்கீம்னு ஒரு பெட்டி வரும், டிஸ்க்க எப்படி பகுதி பிரிச்சு குறிச்சு வைக்கறதுங்கறது அது, அதுல ஜியுஐடி பார்ட்டிஷன் மேப் வைக்கணும். கீழ இருக்கறத அழிச்சா அந்த பெட்டியே வராது, பழைய ஸ்கீம் எதுவோ அதுவே இருக்கும். அது பழைய மேக்ல போட்ட ஆப்பிள் பார்ட்டிஷன் மேப்பா இருந்துச்சுன்னு வைங்க, மேல எக்ஸ்ஃபேட் போட்டும் விண்டோஸ்ல ஒண்ணும் தெரியாது, நீங்க கேபிள மாத்தி மாத்தி சொருகிட்டு உக்காந்திருப்பீங்க. மாஸ்டர் பூட் ரெக்கார்டும் லிஸ்ட்ல இருக்கும், அது 2 டிபி சொச்சத்துக்கு மேல தாங்காது, 4 டிபி டிரைவுல அத போட்டா பாதி டிஸ்க் அம்போ.

என் சிபாரிசு, முடிஞ்சா விண்டோஸ்லயே ஃபார்மேட் பண்ணுங்க. எக்ஸ்ப்ளோரர்ல டிரைவு மேல ரைட் கிளிக், ஃபார்மேட், எக்ஸ்ஃபேட், முடிஞ்சது. அலொகேஷன் யூனிட் என்ன போடுதுன்னு கண் முன்னாடி காட்டும், மேக் அத உங்ககிட்ட கேக்கவே கேக்காது. ஒரே ஒரு டிக் மட்டும் பாத்துக்கங்க, குயிக் ஃபார்மேட். தம்பி ஒரு தடவ அத எடுத்து விட்டுட்டான், ராத்திரி ஆரம்பிச்சது காலைலதான் முடிஞ்சது. அந்த டிக் இல்லன்னா விஸ்டாவுக்கு அப்புறம் வந்த விண்டோஸ் எல்லாம் டிஸ்க் பூரா சைபர் எழுதும், செகண்டுக்கு 100 எம்பி போனாலும் 2 டிபிக்கு அஞ்சரை மணி நேரம் ஆகும், கணக்கு போட்டு பாத்துக்கங்க. புது டிரைவுக்கு ஒரு தடவ அப்படி செய்யறது நல்லதுதான், எங்கயாவது சொத்தை இருந்தா அப்பவே தெரிஞ்சிடும். ஆனா தெரியாம பண்ணிட்டா ரெக்கவரி சாஃப்ட்வேர் எல்லாம் உதவாது. குயிக் ஃபார்மேட்னா பட்டியல மட்டும்தான் அழிக்குது, சுத்துற டிஸ்க்கா இருந்து மேல எதுவும் எழுதாம இருந்தா திரும்ப எடுக்க வாய்ப்பு இருக்கு.

அலொகேஷன் யூனிட்னு சொன்னேன்ல, அது என்னன்னு எனக்கு புரிஞ்சது ஒரு ஃபோல்டரால. ஒரு புராஜெக்ட்டோட குட்டி குட்டி ஃபைல், தம்ப்நெயில், ஃபாண்ட்டு, ஐகான், அப்படி இப்படின்னு 30 ஆயிரம் ஃபைல் இருக்கும், மொத்தம் 900 எம்பி. எக்ஸ்ஃபேட் டிரைவுல போட்டுட்டு தம்பி விண்டோஸ்ல பிராப்பர்ட்டீஸ் பாத்தா டிஸ்க்ல பிடிச்ச இடம் 3.66 ஜிபின்னு காட்டுது. என்னடா வைரஸான்னு பயந்துட்டோம். 32 ஜிபிக்கு மேல இருக்கற டிரைவுக்கு விண்டோஸ் எக்ஸ்ஃபேட்ல 128 கேபி கட்டம் போடுது, அந்த கட்டம்தான் அலொகேஷன் யூனிட், ஒரு ஃபைல் 5 கேபி இருந்தாலும் ஒரு முழு கட்டத்த எடுத்துக்கும், மீதி சும்மா கெடக்கும். 30 ஆயிரம் கட்டம், கூட்டிப் பாருங்க சரியா வரும். பெரிய வீடியோ ஃபைலுக்கு இது ஒரு பொருட்டே இல்ல. குட்டி ஃபைல் நெறய இருந்தா ஜிப் பண்ணி ஒரே ஃபைலா போடுங்க, இடமும் மிச்சம், காப்பி ஆகறதும் வேகமா ஆகும். இல்ல உங்களுக்கு எப்பவுமே குட்டி ஃபைல்தான்னா ஃபார்மேட் பண்ணும்போதே கட்டத்த சின்னதா வெச்சுக்கலாம்.

இன்னொரு நாள் தம்பி.

"அக்கா, எல்லா ஃபைலும் ரெண்டு ரெண்டா இருக்கு. ஒண்ணு திறக்குது, இன்னொண்ணு திறக்கவே மாட்டேங்குது. ஃபுட்டேஜ் கரப்ட் ஆயிடுச்சா?"

"பேரு எப்படி இருக்கு, முன்னாடி புள்ளியும் அடிக்கோடும் இருக்கா?"

"ஆமா."

"அது என் மேக் போட்டது. விட்டுத்தள்ளு."

மேக் ஒவ்வொரு ஃபைலுக்கும் கூட ஏதாவது தகவல் வெச்சிருக்கும், அத வைக்க எக்ஸ்ஃபேட்ல எடம் இல்லாததால பக்கத்துலயே ஒரு குட்டி ஃபைலா எழுதி வெச்சிடும். மேக்ல கண்ணுக்கு தெரியாது, விண்டோஸ்ல எல்லாம் பல்ல இளிச்சுகிட்டு நிக்கும். அவனோட சாஃப்ட்வேர் அதையும் கிளிப்புன்னு நெனச்சு உள்ள இழுத்து எர்ரர் அடிச்சதுதான் பிரச்சனை. மேக் டெர்மினல்ல dot_clean-னு ஒரு கமாண்ட் இருக்கு, டிரைவ குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தட்டு தட்டிட்டா போதும். விண்டோஸ் மட்டும் சுத்தமான்னா இல்ல, அதுவும் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்னு ஒரு ஃபோல்டர விட்டுட்டு போகும். இதுல ஒண்ணு கவனிங்க, மேக்ல டிரைவுல இருந்து எதையாவது டிராஷ்ல போட்டா அது அந்த டிரைவுக்குள்ளயேதான் ஒளிஞ்சிருக்கும், டிராஷ காலி பண்ணாம எஜெக்ட் பண்ணினா இடம் திரும்பாது. 300 ஜிபி எங்க போச்சுன்னு நாங்க அரை நாள் தேடியிருக்கோம். அதே மாதிரி மேக்ல 2 டிபின்னும் விண்டோஸ்ல 1.81 டிபின்னும் காட்டினா பதறாதீங்க, மேக் ஆயிரத்தால வகுக்குது, விண்டோஸ் 1024-ஆல வகுக்குது, டிஸ்க் ஒண்ணுதான்.

இப்ப இதோட பெரிய குறைக்கு வரேன். எக்ஸ்ஃபேட்டுக்கு ஜர்னலிங் கிடையாது. என்டிஎஃப்எஸ் என்ன பண்ணும்னா, டிஸ்க்ல ஒரு மாத்தம் பண்றதுக்கு முன்னாடி இத பண்ணப் போறேன்னு ஒரு நோட்ல குறிச்சுக்கும், நடுவுல கரண்டு போனா திரும்ப வந்து நோட்ட பாத்து சரி பண்ணிக்கும். மேக்கோட ஃபார்மேட்டும் அதுக்குன்னு தன் வழில ஒரு பாதுகாப்பு வெச்சிருக்கு. எக்ஸ்ஃபேட்டுக்கு அந்த நோட்டே இல்ல. நடுவுல புடுங்கினா, பாதி எழுதினது பாதிலயே நிக்கும், எது எங்க இருக்குன்னு அதுக்கே தெரியாது.

அவசரத்துல ஒரு நாள் எஜெக்ட் பண்ணாம கேபிள புடுங்கிட்டேன், காப்பி முடிஞ்சிருந்துச்சு, என்ன ஆயிடப் போகுதுன்னு. மறுநாள் சொருகறேன், லைட்டு மினுக்குது, டிஸ்க் சுத்தற சத்தம் கேக்குது, ஃபைண்டர்ல ஐகான் வரல. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், வரல. டிஸ்க் யுடிலிட்டில பேரு மங்கலா தெரியுது, மவுண்ட் குடுத்தா, அதாவது டிரைவ உள்ள சேத்துக்கச் சொன்னா, முடியாதுங்குது. போச்சுடான்னு வயித்த கலக்குச்சு. அப்புறம் மேக்ல என்னென்ன ஓடுதுன்னு காட்டற ஆக்டிவிட்டி மானிட்டர தொறந்து பாத்தா எஃப்எஸ்சிகே எக்ஸ்ஃபேட்னு (fsck_exfat) ஒரு புராசஸ் உள்ள ஓடிட்டு இருக்கு. மேக் சத்தமே இல்லாம டிஸ்க்க முழுசா செக் பண்ணிட்டு இருந்திருக்கு, ஒரு வார்த்த சொல்லல. நாப்பது நிமிஷம் கழிச்சு ஐகான் தானா வந்துச்சு, எல்லா ஃபைலும் இருந்துச்சு. நடுவுல பயந்து திரும்ப புடுங்கியிருந்தா என்ன ஆயிருக்குமோ. அதனால ஐகான் வரலன்னா மொதல்ல ஆக்டிவிட்டி மானிட்டர பாருங்க, அது ஓடுதுன்னா ஒரு காப்பிய போட்டு குடிச்சுட்டு வாங்க.

ஆனா எல்லா தடவையும் அப்படி தப்பிக்கல. தம்பி லேப்டாப்ல காப்பி ஓடிட்டு இருக்கும்போது சார்ஜ் தீந்து அணைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் ஒரு ஃபோல்டர் திறக்கவே இல்ல. விண்டோஸ்ல செக் டிஸ்க் ஓட விட்டோம், அது எதையோ சரி பண்ணினேன்னு சொல்லுச்சு, கொஞ்சம் ஃபைல் வேற பேர்ல வேற ஃபோல்டர்ல கெடந்துச்சு, பேரு போனதால ஒவ்வொண்ணா திறந்து பாத்து எது எதுன்னு கண்டுபிடிக்க ரெண்டு நாள். மூணு கிளிப் போனது போனதுதான். இந்த தடவ என் மேக்ல காப்பி இருந்துச்சு, அதனால தப்பிச்சோம்.

தம்பி இதுல ஒரு வாதம் வைப்பான், 2018-ல வந்த விண்டோஸ் 10 அப்டேட்ல இருந்து குயிக் ரிமூவல், அதாவது சட்டுனு புடுங்கிக்கற வசதிதான் டிஃபால்ட்டு, எஜெக்ட் எல்லாம் இப்ப தேவையே இல்லன்னு. அவன் சொல்றது பாதி சரி. டிரைவு சும்மா இருக்கும்போது புடுங்கினா விண்டோஸ் பக்கம் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா பின்னாடி எதாவது எழுதிட்டு இருக்கான்னு உனக்கு எப்படிடா தெரியும்? மேக் பக்கம் அந்த சலுகையும் கிடையாது. டிரைவு மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி எஜெக்ட் பண்ணிட்டு புடுங்குன்னு மார்க்கர்ல எழுதி வெச்சிருக்கேன்.

அப்ப வேற வழியே இல்லையான்னா இருக்கு. டிரைவ என்டிஎஃப்எஸ்லயே விட்டுட்டு மேக்ல பாராகான், டக்ஸேரா மாதிரி காசு குடுத்து, அதுல எழுத வைக்கற ஒரு டிரைவர் சாஃப்ட்வேர் போடலாம். ஒரு மாசம் டிரையல் ஓட்டிப் பாத்தேன், வேகமும் நல்லாவே இருந்துச்சு. ஆனா டிரைவு மூணாவது ஆளோட மேக்குக்கு போச்சுன்னா அங்கயும் அது வேணும், மேக் ஓஎஸ் பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் அவங்களும் அப்டேட் விட்டுட்டாங்களான்னு பாக்கணும். விண்டோஸ்தான் உங்க முக்கிய மெஷின், மேக் எப்பவாவதுன்னா அது சரியா வரும். டிஸ்க்க ரெண்டா பிரிச்சு பாதி ஏபிஎஃப்எஸ் பாதி எக்ஸ்ஃபேட்னும் போட்டு பாத்தேன், ஒரு பக்கம் நெறஞ்சு வழியும், இன்னொரு பக்கம் காலியா கெடக்கும், ரெண்டே வாரத்துல தூக்கிட்டேன்.

எக்ஸ்ஃபேட்ல செய்யவே முடியாதது சிலது இருக்கு. மேக்கோட டைம் மெஷின் பேக்கப் இதுல எடுக்காது, டிஸ்க்க அழிச்சு அதோட ஃபார்மேட்டுக்கு மாத்தவான்னு கேக்கும், கேட்டதும் சரின்னு குடுத்துடாதீங்க. மேக்கோட ஃபோட்டோஸ் லைப்ரரியையும் இதுல வைக்கக் கூடாது, ஆப்பிளே ஏபிஎஃப்எஸ்ஸோ மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டடோ வேணும்ங்குது. பூட்டு போடறதும் கஷ்டம், விண்டோஸோட பிட்லாக்கர் போட்டா மேக் தொறக்காது. ரெண்டு பக்கமும் தொறக்கணும்னா வெராகிரிப்ட் மாதிரி எதையாவது ரெண்டு மெஷின்லயும் போடணும். ஃபைல் பேர்ல கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, கோலன் எல்லாம் வைக்காதீங்க, விண்டோஸுக்கு ஒத்துக்காது. தமிழ்ல பேரு வெச்சா ரெண்டு பக்கமும் ஜம்முனு வருது.

5-க்கு எத்தனைன்னா 3.5 குடுப்பேன். தூக்கிட்டு போற பை மாதிரி நெனச்சா எக்ஸ்ஃபேட் 5-க்கு 5, அத வீட்டு பீரோ மாதிரி நெனச்சு ஒரே காப்பிய அதுலயே பூட்டி வெச்சீங்கன்னா 2 கூட தேறாது. நான் ரெண்டாவதத்தான் பண்ணிட்டு இருந்தேன், இப்ப ஒரிஜினல் எல்லாம் மேக்ல தனி டிரைவுல ஏபிஎஃப்எஸ்ல இருக்கு, தம்பி பக்கமும் ஒரு காப்பி என்டிஎஃப்எஸ்ல இருக்கு, நடுவுல ஓடறதுல இருக்கறது எப்ப போனாலும் கவல இல்ல.

போன மாசம் எஸ்எஸ்டிக்கு மாறியாச்சு. அதுக்கும் எக்ஸ்ஃபேட்டேதான் போட்டேன், தம்பி விண்டோஸ்லயே, 128 கேபில. பழைய டிரைவுல இருந்த ஸ்டிக்கர பிச்சு இதுல ஒட்டப் பாத்தேன், கிழிஞ்சு போச்சு, புதுசா ஒண்ணு எழுதணும்.